152 நாள் மின்சாரத்துக்கு 30 நாள் பட்டியல்: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

"பிழை திருத்தப்பட்டுள்ளது. முறைப்பாடு இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது."

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி என் கைக்கு வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். நான் அனுப்பிய முறைப்பாடு நான்கு பக்கம். பதிலுக்கு 63 நாள் காத்திருந்தேன். எங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் அலுவலகம் அனுப்பிய பதில் இது. அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கருமபீடத்தில் நிற்கும் பிள்ளைகளைச் சந்திக்கு இழுப்பதில் எனக்கு விருப்பமில்லை. மேலிடம் சொல்வதைக் கீழே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் 'முடிவுறுத்தப்படுகிறது' என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. பிழை செய்தவரே, பிழை முடிந்துவிட்டது என்று தீர்ப்பும் எழுதிக்கொள்ளலாமா? மேலே ஒருவர் இருக்கிறார் என்பதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற உப தபாலதிபர். முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோர்க் கருமபீடத்துக்கு உள்ளே நின்றவன். மின்பட்டியலுக்குக் காசு வாங்கி முத்திரை குத்துவதும் எங்கள் வேலைகளில் ஒன்று. மாத நடுவில் வரும் கூட்டத்தில் பாதிப்பேர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ நான்தான் அச்சடித்தேன் என்பதுபோல் என்னிடம் சண்டை பிடிப்பார்கள். "அம்மா, நான் காசு வாங்குகிறவன் மட்டும்தான்" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. இப்போது பட்டியல் காகிதத்தில் வருவதில்லை, குறுஞ்செய்தியாக வருகிறது. சண்டை பிடிப்பதற்குக்கூட ஒரு துண்டு இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கை கடலிலிருந்து ஐந்து நிமிட நடை. என் வீட்டு மீற்றர் வீதியோரத்து மதிலில், வெளிப்பக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. வாசிக்க வருகிறவர் படலையைத் திறக்கவும் வேண்டாம், நாயைக் கட்டச் சொல்லவும் வேண்டாம். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கிக்கிடக்கும். பெருவிரலால் ஒரு தரம் துடைத்தால் எண்கள் தெரியும், அவ்வளவுதான். ஞாயிறு தோறும் காலையில் அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது என் வழக்கம். தபாற்கந்தோர்ப் பழக்கம், விடவில்லை.

2025 மார்ச் 6ஆம் திகதி மானி வாசிப்பாளர் வந்து வாசித்தார். அதன் பிறகு ஓகஸ்ட் 5 வரை யாரும் வரவில்லை. இடையில் நான்கு குறுஞ்செய்திகள் வந்தன. நான்கிலும் 55 அலகு. மீற்றர் அந்த நேரம் 80ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், கொப்பியில் இருக்கிறது. இரண்டாவது செய்தி வந்ததும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "வீடு பூட்டியிருந்ததால் மதிப்பீட்டு வாசிப்புப் போடப்பட்டிருக்கிறது, ஐயா" என்றார் ஒரு பிள்ளை. மதில் எப்படிப் பூட்டியிருக்கும் என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தார். அந்த இலக்கத்தால் எனக்கு இன்றுவரை ஒரு பயனும் கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 5இல் ஒருவர் வந்து வாசித்தார். மார்ச் 6இலிருந்து ஓடிய மொத்தம் 420 அலகு. மதிப்பீட்டில் போட்ட 220ஐக் கழித்து, மிகுதி 200 அலகையும் ஒரே மாதத்துப் பாவனையாக என் தலையில் கட்டினார்கள். நாட்களின் எண்ணிக்கை 30 என்று போடப்பட்டிருந்தது. உண்மையான ஒரு வாசிப்புக்கும் அடுத்த உண்மையான வாசிப்புக்கும் இடையே ஓடியது 152 நாள்.

இதன் பொருள் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. படிமுறைக் கட்டணத்தை அங்கீகரிக்கிறவர்களே நீங்கள். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தில் எல்லா அலகும் ஒரே விலை இல்லை. 60ஐத் தாண்டினால் ஒரு விலை, 90ஐத் தாண்டினால் இன்னொன்று, 120க்குப் பிறகு இன்னொன்று, 180க்கு மேல் போனால் எல்லாவற்றிலும் கொடிய விலை. நிலையான கட்டணமும் அதற்கேற்ப ஏறும். என் வீட்டுப் பாவனையை 152 நாளுக்கும் பரப்பிப் பார்த்தால் மாதம் 83 அலகு. ஒரு மாதம்கூட 90ஐத் தாண்டாது. ஒரு குளிர்சாதனப்பெட்டியும் இரண்டு மின்விசிறிகளும் உள்ள வீட்டுக்கு, கச்சான் காற்று நெருப்பாய் வீசும் மாதங்களில், அது அதிகமில்லை. ஆனால் அவர்கள் கணக்குப்படி நான் ஒரே மாதத்தில் 200 அலகு எரித்த பணக்காரன்.

இதற்குள் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. 2025 ஜூன் 12ஆம் திகதி கட்டணம் சராசரியாக 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. நீங்கள்தான் அனுமதித்தீர்கள், அதைப் பற்றி இந்த மடலில் வழக்காடப்போவதில்லை. என் கொப்பியில் ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை எழுதிய எண்ணின்படி அன்றைக்கே 260 அலகு எரிந்துவிட்டது. அதுவரை பட்டியலில் ஏறியது 165. எனவே மிகுதி 95 அலகும் பழைய விலையில் எரிந்தவை. வாசிப்பவர் வராத குற்றத்துக்கு, அந்த 95 அலகுக்கும் புதிய விலை வாங்கிக்கொண்டார்கள். நேற்று வாங்கிய அரிசிக்கு இன்றைய விலை கேட்கும் கடைக்காரரை எங்கள் ஊர்ச் சந்தையில் சும்மா விடமாட்டார்கள்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். முதல் நான்கு மாதமும் நான் குறைவாகத்தான் செலுத்தினேன்; 60 அலகுக்குக் கீழே இருப்பவருக்குரிய மலிவு விலை எனக்கும் கிடைத்தது. அதையும் கணக்கில் சேர்த்துக் கூட்டிக் கழித்த பிறகுதான், அவர்கள் என்னிடம் கூடுதலாக வாங்கியது 2,400 ரூபாவுக்குச் சற்று மேல் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியில் அவர்களும் அதே தொகைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது 63 நாளும், என்னுடைய ஏழு நடையும்.

அந்த ஏழு நடைக்கு ஓட்டோக் கூலி மட்டும் 2,800 ரூபா. போட்டோப்பிரதியும் பதிவுத் தபாலும் வேறு. என் காசை மீட்க, அந்தக் காசுக்கு மேலே செலவழித்த புத்திசாலி நான். அதனால்தான் முக்கால்வாசிப் பேர் முறைப்பாடு செய்வதில்லை. பொறுமைசாலிகள் என்று எங்களை யாராவது புகழ்ந்தால் நம்பவேண்டாம். எங்களுக்குக் கணக்குத் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் 14 வீடு. வீடு வீடாகப் போனேன். 11 வீட்டார் குறுஞ்செய்திகளைக் காட்டினார்கள். 9 வீட்டில் அதே நான்கு மாத மதிப்பீடு, அதே ஓகஸ்ட் இடி. ஒன்பது பேரும் ஒப்பமிட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினோம்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் தோசைமா அரைத்து விற்கும் ஒரு பெண். கணவர் இல்லை. பஸ் நிலையப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டும், ஒழுங்கையில் நாங்களும் அவருடைய வாடிக்கை. முறைப்பாடு அனுப்பியாயிற்று, முடிவு வரட்டும் என்று அவர் பில்லைக் கட்டாமல் இருந்தார். அப்படி இருக்கச் சொன்னவன் நான். அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை. செப்டெம்பரில் எங்கள் எல்லோருக்கும், கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்ற சிவப்பு அறிவித்தல் வந்தது. நான் பயந்து, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டினேன். அவரிடம் அப்போது காசு இல்லை. செப்டெம்பர் 19, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு வந்து இணைப்பைத் துண்டித்தார்கள். சீட்டுக்காசை முன்கூட்டி வாங்கிக்கொண்டு, பின்னேரம் மூன்று மணிக்குள் நிலுவையையும் மீளிணைப்புக் கட்டணத்தையும் அவர் கட்டிவிட்டார். "இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இனித் திங்கட்கிழமைதான் ஆள் வரும்" என்றார்கள். துண்டிப்பதற்கு வெள்ளிக்கிழமை ஆள் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை அரைத்து, சனி ஞாயிறு விற்பனைக்கென்று குளிர்பெட்டியில் வைத்த மா ஐந்து வாளி. மூடிகள் தாமாகவே எழும்பி நின்றன. அடியில் நுரைத்து, பக்கவாட்டில் வழிந்து, சீமெந்துத் தரையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. புளித்த வாடை படலை வரைக்கும் வந்தது. அவர் அழவில்லை. ஒவ்வொரு வாளியாகத் தூக்கித் தென்னையடியில் கொட்டினார். கடைசி வாளியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்து, "போஸ்ட்மாஸ்டர் ஐயா, இந்த மாவுக்கு நான் யாருக்குப் பில் அனுப்புவது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒக்டோபரில் அவருடைய பில்லையும் திருத்தினார்கள். பட்டியல் பிழை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிழையான அந்தப் பட்டியலுக்காக அறவிட்ட மீளிணைப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'வருந்துகிறோம்' என்ற சம்பிரதாயச் சொல்லும் இல்லை. முறைப்பாடு முடிவுறுத்தப்பட்டது.

நான் வேலை செய்த இடத்தில் இப்படி முடிவுறுத்த முடியாது. மாலையில் காசுப்பெட்டியை எண்ணும்போது பத்து ரூபா குறைந்தால் என் பையிலிருந்து போடவேண்டும். பத்து ரூபா கூடினால் அதை அரசாங்கக் கணக்கில் சேர்க்கவேண்டும், எனக்கில்லை. ஒரு பதிவுத் தபால் தவறான வீதிக்குப் போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். விளக்கம் திருப்தியில்லை என்றால் என் சேவைக் கோப்பில் அது ஏறும். 'கடிதம் பிறகு கிடைத்துவிட்டது, ஆகவே விடயம் முடிந்தது' என்று நான் எழுதியிருந்தால் அத்தியட்சகர் என்னைச் சிரித்தே கொன்றிருப்பார். சம்பளம் குறைந்த ஒரு உப தபாலதிபருக்கு இருந்த பொறுப்பு, ஒரு மாவட்டத்துக்கே பட்டியல் அனுப்பும் நிறுவனத்துக்கு ஏன் இல்லை?

வேறு நாடுகளில் உங்களைப் போன்ற ஆணையங்கள் என்ன செய்கின்றன என்று தேடினேன். லண்டனில் இருக்கும் தங்கையின் மகன் சில ஆவணங்களை அனுப்பினான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

பிரித்தானியாவில் 'என்பவர்' (npower) என்ற மின் கம்பனி புதிய பட்டியல் மென்பொருளுக்கு மாறியபோது கணக்கெல்லாம் குழம்பியது. 2013 செப்டெம்பருக்கும் 2014 டிசெம்பருக்கும் இடையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பட்டியல்கள் பிந்தியோ பிழையாகவோ போயின. அந்த நாட்டு ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஒஃப்ஜெம், 2015 டிசெம்பரில் அந்தக் கம்பனியை 26 மில்லியன் பவுண் செலுத்தவைத்தது. 2016இல் ஸ்கொட்டிஷ் பவர் கம்பனிக்கு 18 மில்லியன். அங்கும் புதிய கணினி முறை, பிந்திய பட்டியல்கள், எடுக்கப்படாத தொலைபேசிகள். எனக்குப் பிடித்தது தொகையின் பருமன் இல்லை. அந்தப் பணம் அரசாங்கத் திறைசேரியில் போய் விழவில்லை. பாதிக்கப்பட்ட, வசதி குறைந்த பாவனையாளர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் போனது. இன்னொன்றும் உண்டு: 2015 மார்ச்சில், முறைப்பாட்டு நிலுவையைக் குறைப்பதாகச் சொன்ன இலக்கை எட்டாத ஸ்கொட்டிஷ் பவர், தானாக வாடிக்கையாளரைத் தேடிப் போய் வியாபாரம் செய்வதற்கு 12 நாள் தடை பெற்றது. முதலில் இருக்கிறவர்களைக் கவனி, பிறகு புதியவரைத் தேடு என்பதே அதன் பொருள். எங்கள் பாட்டி சொல்லியிருக்கக்கூடிய நியாயம்.

பெரிய தண்டங்களைவிடச் சின்ன விதிகள் இரண்டு எங்கள் ஒழுங்கைக்குப் பொருந்தும். ஒன்று, வழங்குநரின் பிழையால் பட்டியலிடாமல் விட்ட மின்சாரத்துக்கு 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் பணம் கேட்க முடியாது. வீட்டுப் பாவனையாளருக்கு 2018 மே மாதத்திலிருந்து அங்கு இது விதி. மற்றது, குறித்த சில சேவைத் தவறுகளுக்கு ஒரு நிலையான தொகையைப் பாவனையாளர் கேட்காமலே கொடுக்கவேண்டும். பத்து வேலைநாளுக்குள் கொடுக்காவிட்டால் மேலும் அதே தொகை சேரும். ஓட்டோ பிடித்து ஏழு தடவை போகவேண்டாம்.

'அது வெள்ளைக்காரன் நாடு, தனியார் கம்பனிகள்' என்பார்கள். சரி, பக்கத்தில் பார்ப்போம். இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் விநியோகம் அரசு நிறுவனங்களின் கையில்தான். அங்கே 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், சேவைத் தரத்தை மீறினால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு என்கிறது. பட்டியலில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்படாத பாக்கியை இரண்டு வருடத்துக்குப் பிறகு அறவிட முடியாது என்கிறது. 2020இல் வந்த பாவனையாளர் உரிமை விதிகள் இன்னும் நுணுக்கமானவை: ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல், மதிப்பீட்டில் போடும் தற்காலிகப் பட்டியல் அனுப்பக்கூடாது, பட்டியல் 60 நாளுக்கு மேல் பிந்தினால் 2 முதல் 5 சதவீதம் வரை கழிவு கொடுக்கவேண்டும். அங்கே எழுதியதெல்லாம் அப்படியே நடக்கிறது என்று நம்புமளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் எழுதியிருக்கிறார்கள். எழுதியிருந்தால் கருமபீடத்தில் அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம். எங்கள் ஒழுங்கையில், பிழையான பட்டியலுக்காக ஒரு சதம் நட்டஈடு வாங்கிய மனிதரை நான் இன்னும் காணவில்லை.

இனித்தான் சிக்கலான இடம். தண்டம் விதியுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நான் போய்விட்டால், அந்தத் தண்டமும் எங்கள் தலையில்தான் விழும். லண்டனில் ஒரு கம்பனி பிடிக்கவில்லையென்றால் அடுத்த கம்பனிக்குப் போகலாம். தண்டத்தைப் பங்குதாரர் சுமப்பார். எங்களுக்கு மாறுவதற்கு வேறு கடை இல்லை. மின் வழங்குநர் செலுத்தும் எந்தக் காசும் அடுத்த கட்டண முன்மொழிவில் ஒரு செலவாக ஏறிவந்து உங்கள் மேசையில் நிற்கும். நீங்கள் அதை அங்கீகரித்தால், மா கொட்டியவருக்குக் கொடுத்த நட்டஈட்டை அவரிடமிருந்தே மாதம் மாதம் திருப்பி வாங்கியதாகிவிடும். 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் என்று ஏறிய காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள். பிறகு நான்கு தடவை குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் கட்டணப் படியில் ஏறி இறங்கிய கால்களுக்கு, எந்தச் செலவு எங்கே போய் விழும் என்று தெரியும்.

ஆகவே தண்டம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்காதவரை, தண்டம் விதித்தும் பயனில்லை. அந்த அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த ஆணைக்குழு நீங்கள். எந்தச் செலவு நியாயமானது, எது இல்லை என்று கட்டணத்தை மீளாய்வு செய்யும்போதெல்லாம் சலிக்கிறீர்கள். நிலக்கரி வாங்கிய விலையையும் கடன் வட்டியையும் சலிக்கும் அதே அரிதட்டில் இதையும் போடுங்கள்.

காலமும் பொருந்தி வந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், இந்தத் துறையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி திறந்தது. கம்பனி புதிதென்றால் உரிமத்தையும் புதிதாக எழுதவேண்டும். எழுதும் பேனா கையில் இருக்கும்போதே நிபந்தனைகளை எழுதிவிடுங்கள். மை காய்ந்த பிறகு சேர்ப்பது எவ்வளவு பாடு என்று அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த எவரையும் கேளுங்கள்.

நான் கேட்பவை இவை.

தொடர்ச்சியாக இரண்டு மாதத்துக்கு மேல் மதிப்பீட்டு வாசிப்புப் போடுவதைத் தடைசெய்யுங்கள். மூன்றாவது மாதமும் ஆள் வரவில்லையென்றால் பாவனையாளரே மீற்றரைப் படமெடுத்து அனுப்பவும், அதை ஏற்றுப் பட்டியலிடவும் விதி செய்யுங்கள். உண்மையான வாசிப்புக் கிடைத்ததும், மொத்த அலகையும் முந்தைய உண்மையான வாசிப்பிலிருந்து ஓடிய நாட்களுக்குப் பரப்பி, இடையில் விலை மாறியிருந்தால் நாட்கணக்கில் பிரித்து, பட்டியலைத் தாமாகவே திருத்தவேண்டும். கணினிக்கு இது ஒரு நிமிட வேலை. நான் கொப்பியிலும் பென்சிலிலும் செய்தேன்.

பட்டியல் பிழை என்று எழுத்தில் முறைப்பாடு இருக்கும்போது, அதற்குப் பதில் எழுதாமல் இணைப்பைத் துண்டிப்பதை உரிம மீறலாக்குங்கள். பாவனையாளர் தன் வழமையான மாதத் தொகையைச் செலுத்திக்கொண்டிருக்கலாம், பிணக்கிலுள்ள மிகுதி நிற்கட்டும். வெள்ளிக்கிழமையிலும், போயா மற்றும் பொது விடுமுறைக்கு முதல்நாளிலும் துண்டிக்கக்கூடாது. துண்டிப்பதற்கு ஆள் வரும் நாளெல்லாம் மீளிணைக்கவும் ஆள் வரவேண்டும்.

பிழையான பட்டியல், பிந்திய பதில், தவறான துண்டிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒரு நிலையான தொகையை நிர்ணயித்து, விண்ணப்பமும் ஓட்டோவும் இல்லாமல் அடுத்த பட்டியலிலேயே வரவாக வைக்கச் செய்யுங்கள். பத்து வேலைநாள் தாண்டினால் இரட்டிப்பாகட்டும். தவறான துண்டிப்பால் பொருள் அழிந்தவருக்கு, அந்தப் பொருளின் பெறுமதி வேறாக. இதற்குச் செலவாகும் ஒரு சதத்தையும் கட்டணக் கணக்கில் சேர்க்க அனுமதியாதீர்கள். அனுமதிக்கவில்லை என்பதை ஒவ்வொரு கட்டணத் தீர்மானத்திலும் தனி வரியாக எழுதுங்கள். அந்த வரியைத் தேடிப் பார்ப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறோம்.

பகுதி அலுவலகம் வாரியாக, எத்தனை பட்டியல் மதிப்பீட்டில் போனது, எத்தனை முறைப்பாடு வந்தது, தீர்க்க எத்தனை நாள் எடுத்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். எங்கள் ஒழுங்கைக்கு ஐந்து மாதம் யாரும் வராததற்கு ஒரு குரங்கைக்கூடக் காரணம் காட்டவில்லை.

எனக்கு வந்த அந்த இரண்டு வரிக் கடிதம் சிங்களத்தில் இருந்தது. மேலே நான் எழுதியிருப்பது என் மொழிபெயர்ப்பு. சேவைக் காலத்தில் சிங்களம் படித்தவன் ஆகையால் எனக்கு விளங்கியது. தோசைமா விற்பவர் அதை என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, திரும்பவும் வெட்டப்போகிறார்களாமா?" என்று நடுக்கத்தோடு கேட்டார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. குறுஞ்செய்தி, சிவப்பு அறிவித்தல், முறைப்பாட்டுப் பதில் ஆகிய மூன்றும் பாவனையாளர் கேட்கும் மொழியில் இருக்கவேண்டும் என்பதையும் உரிமத்தில் சேருங்கள். விளங்காத மொழியில் வந்த சிவப்பு அறிவித்தலை, கொடுக்கப்படாத அறிவித்தலாகவே எண்ணவேண்டும்.

கடைசியாக, கட்டணத்தை மாற்றுமுன் மாகாணந்தோறும் வந்து மக்கள் கருத்தைக் கேட்கிறீர்கள். பட்டியல் பிழைகளையும் அப்படி ஒருநாள் திருகோணமலையில் உட்கார்ந்து கேளுங்கள். மின்சாரம் என்றால் எங்கள் மாவட்டம் எல்லோருக்கும் நினைவு வருகிறது. சம்பூரில் நிலக்கரி என்று பத்து வருடம் பேசி 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அதே சம்பூரின் 120 மெகாவாட் சூரியமின் திட்டத்தை இரண்டு நாட்டுத் தலைவர்கள் கொழும்பிலிருந்தே காணொளி வழியாகத் தொடக்கிவைத்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குக் காணொளி போதாது, ஆள் வரவேண்டும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் குறுஞ்செய்திகளோடு வருகிறவர்களை அழைத்துவர நான் பொறுப்பு.

அன்றைக்கு முதலாவதாக எடுக்கவேண்டிய கோப்பு என்னுடையதல்ல. 2,400 சொச்சம் ரூபா எனக்குத் திரும்பி வந்துவிட்டது. தோசைமா விற்கும் பெண்ணின் மீளிணைப்புக் கட்டணத்தையும் ஐந்து வாளி மாவின் பெறுமதியையும் அவருக்குச் செலுத்த உத்தரவிடுங்கள். அவருடைய விருப்பத்தோடு, கணக்கிலக்கமும் பற்றுச்சீட்டுகளும், சனிக்கிழமை காலை நான் எடுத்த வாளிகளின் படமும், என் கொப்பியில் மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான பக்கங்களும் இந்த மடலின் பிரதியோடு பதிவுத் தபாலில் உங்களுக்கு வருகின்றன. பொதுவில் அவற்றை வெளியிடவில்லை.

முப்பது நாட்களுக்குள், எழுத்தில், தமிழில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர் ஒருவர்,
திருகோணமலை.